இணைப்பு, அணுகல், பயன்பாடு: யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் இணையமும்

க.பொ.த. (சாதாரண தரம்)
தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் – விளக்கக் கட்டுரை



"கல்வித் துறையில் இணையத்தின் பங்கினை விளக்குக" என்னும் வினாவை நீங்கள் பல தடவை சந்தித்திருப்பீர்கள். இவ்வினாவுக்கு எமது மாணவர்களிற் பெரும்பாலானோர் எழுதும் விடை ஒரே மாதிரியானது. "இணையம் உலகத்தை ஒரு கிராமமாகச் சுருக்கிவிட்டது, விரல் நுனியில் அறிவு கிடைக்கிறது" என்று தொடங்கி, நன்மை நான்கு, தீமை நான்கு எழுதி முடிப்பார்கள். இவ்விடை பிழையானது அல்ல. ஆனால் யாருக்கு, எங்கே, எப்போது கிடைத்தது என்ற விபரம் அதில் இல்லை. விபரம் இல்லாத விடைக்கு முழுப் புள்ளி கிடைப்பது கடினம்.

எனவே இக்கட்டுரையில் ஒரே ஓர் உதாரணத்தை எடுத்து ஆழமாகப் பார்ப்போம். வளர்முக நாடொன்றிலே, போரால் நீண்ட காலம் பாதிக்கப்பட்ட ஒரு பிரதேசத்திலே, பல்கலைக்கழக ஆசிரியர்கள் இணையத்தை எவ்வாறு பெற்றார்கள், எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்பதே அவ்வுதாரணம். அந்தப் பிரதேசம் வேறெங்கும் இல்லை; எமது யாழ்ப்பாணக் குடாநாடே ஆகும்.

"பல்கலைக்கழக ஆசிரியரைப் பற்றி நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர் அவர்களிடம் கற்றவர்கள். உங்கள் பாடநூல்களின் பதிப்பாசிரியர் குழுக்களிலும் அவர்கள் இடம்பெறுகிறார்கள். எனவே அவர்களுக்குப் புதிய அறிவு வந்து சேரும் வழி அடைபட்டால், சில வருடங்களின் பின் அந்தத் தட்டுப்பாடு உங்கள் வகுப்பறைக்கும் வந்து சேரும்.

1. இணையம் யாருக்காகத் தோன்றியது?

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெற் என்னும் வலையமைப்பு, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியுதவியுடன் ஆய்வு நிலையங்களை இணைப்பதற்காக உருவாக்கப்பட்டது. 1969 ஒக்டோபர் 29ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஸ்ரான்போர்ட் ஆய்வு நிறுவனத்துக்கு முதலாவது செய்தி அனுப்பப்பட்டது. "லொகின்" என்ற சொல்லை அனுப்ப முயன்றபோது முதல் இரண்டு எழுத்துகள் சென்றதும் கணினி செயலிழந்துவிட்டது. அறுந்து போகும் இணைப்பு எமக்கு மட்டும் உரிய அனுபவம் அன்று. இணையத்தின் முதல் நாளே அப்படித்தான் இருந்தது.

இன்று நாம் பார்க்கும் உலகளாவிய வலையும் ஆய்வாளர்களுக்காகவே உருவானது. ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமாகிய 'சேர்ன்' இலே பணியாற்றிய ரிம் பேர்னர்ஸ்-லீ, பல நாடுகளில் இருந்த விஞ்ஞானிகள் தம் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதற்காக 1989இல் இத்திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்பிரலில் அந்நிறுவனம் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது.

ஆகவே முகநூலுக்கும் யூரியூப்பிற்கும் பல காலம் முன்னரே இணையம் பல்கலைக்கழகங்களின் கருவியாக இருந்தது என்பதை நினைவிற் கொள்க.

2. மூன்று சொற்களை வேறுபடுத்தி அறிக

இப்பாடத்தில் மாணவர் அதிகமாகக் குழப்பிக்கொள்ளும் இடம் இதுவாகும். இணைப்பு, அணுகல், பயன்பாடு ஆகிய மூன்றும் ஒன்றல்ல.

இதனை எங்கள் வீட்டுக் கிணற்றை வைத்து விளங்கிக்கொள்ளலாம். வளவிலே கிணறு இருக்கிறது. அது இணைப்பு. ஆனால் அள்ளுவதற்கு வாளியும் கயிறும் வேண்டும். கிணற்றடிக்குப் போக உரிமையும் வேண்டும். அது அணுகல். கிணறு இருந்தும் ஒரு பகுதி மக்களை அள்ள விடாத காலம் ஒன்று எமது மண்ணிலே இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அள்ளிய நீரைத் தோட்டத்துக்கு இறைத்து, வெங்காயமும் மிளகாயும் விளைவிப்பதுதான் பயன்பாடு. கிணறு மட்டும் இருப்பதால் பயிர் விளையாது.

அதுபோலவே,

இணைப்பு: கம்பி, ஒளியிழை, கோபுரம், செய்மதி, மின்சாரம் ஆகியவற்றால் கணினி வலையமைப்புடன் தொடுக்கப்படுதல்.

அணுகல்: வேண்டிய தகவலை உரிய நேரத்தில், தாங்கக்கூடிய விலையில், விளங்கும் மொழியில் பெறக்கூடியதாக இருத்தல்.

பயன்பாடு: பெற்ற தகவலைக் கொண்டு கற்பித்தல், ஆராய்தல், எழுதுதல், மற்றவர்க்கு வழங்குதல்.

இனி இம்மூன்றையும் ஒவ்வொன்றாக யாழ்ப்பாணத்தில் வைத்துப் பார்ப்போம்.

3. இணைப்பு: குடாநாட்டின் கதை

திருநெல்வேலியிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில் 1974ஆம் ஆண்டு பல்கலைக்கழக வளாகம் ஆரம்பிக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டு முதல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்னும் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

இலங்கையின் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மின்னஞ்சல் சேவை 1990ஆம் ஆண்டளவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு தொடங்கியது. இதுவே 'லேர்ண்' எனப்படும் இலங்கைக் கல்வி, ஆய்வு வலையமைப்பின் ஆரம்பமாகும். 1995இல் வர்த்தக ரீதியான இணைய சேவையும் கொழும்பில் தொடங்கிற்று.

இந்த இரண்டு ஆண்டுகளையும் கவனியுங்கள். இவை யாழ்ப்பாணத்துக்கு என்ன ஆண்டுகள்?

1990இல் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குத் தேசிய மின்வலையமைப்பிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. எரிபொருள், மின்கலம் முதலிய பல பொருட்களுக்குத் தடை இருந்தது. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கிலே படித்தார்கள். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலியை இயக்கினார்கள். உங்கள் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். தாமே சுற்றிய கதையைச் சொல்வார்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தார்கள். பல்கலைக்கழகச் சமூகமும் அவர்களோடு இடம்பெயர்ந்தது. 1996இல் மக்கள் திரும்பிய பின்னரே கல்வி நடவடிக்கைகள் மீளத் தொடங்கின. அதாவது, கொழும்பில் இணையம் விற்பனைக்கு வந்த அதே ஆண்டிலே யாழ்ப்பாணத்தின் விரிவுரையாளர் தம் புத்தகங்களை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தார். "தொழினுட்பம் தாமதமாக வந்தது" என்று ஒரு வரியில் எழுதுவதற்கும், இதனை எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை நோக்குக.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்பிரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டது. அதன் பின் யாழ். நகரிலும் திருநெல்வேலியிலும் இணையக் கடைகள் பெருகின. மணித்தியாலக் கணக்கில் பணம் கட்டி, மின்னஞ்சல் பார்க்க வந்தவர்களுள் மாணவரும் விரிவுரையாளரும் அருகருகே அமர்ந்திருந்தனர். 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னரே பாதை மீளத் திறந்தது. தேசிய மின்வலையமைப்புடன் குடாநாடு மீண்டும் இணைக்கப்பட்டது 2010களில்தான்.

இன்று பல்கலைக்கழகம் லேர்ண் வலையமைப்பின் உறுப்பு நிறுவனமாக உள்ளது. திருநெல்வேலியில் மட்டுமன்றிக் கிளிநொச்சி அறிவியல்நகரிலும் அதன் பீடங்கள் இயங்குகின்றன. இணைப்பு வந்துவிட்டது எனலாம். ஆனால் எவ்வளவு இணைப்பு என்பதும் முக்கியம்.

4. ஒரு சிறு கணக்கு

பட்டையகலம் என்பது ஒரு செக்கனில் எத்தனை பிற்றுகளை அனுப்பலாம் என்பதன் அளவாகும். 1990களில் செக்கனுக்கு 64 கிலோபிற்று என்பது ஒரு நிறுவனத்துக்கே நல்ல இணைப்பாகக் கருதப்பட்டது.

ஓர் ஆய்வுக் கட்டுரையின் அளவு 2 மெகாபைற்று என்று கொள்வோம். 1 பைற்று = 8 பிற்று. ஆகவே 2 மெகாபைற்று = 1 கோடியே 60 இலட்சம் பிற்று. இதனை 64,000 ஆல் வகுத்தால் 250 செக்கன். அதாவது 4 நிமிடம் 10 செக்கன். ஒருவருக்கு இது பெரிய காத்திருப்பு அல்ல.

ஆனால் அதே இணைப்பை 50 விரிவுரையாளர்கள் ஒரே நேரத்தில் பகிர்ந்து, ஆளுக்கொரு கட்டுரை இறக்கினால்? 250 ஐ 50 ஆல் பெருக்குங்கள்: 12,500 செக்கன். ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலம். இடையில் மின்சாரம் நின்றால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்று செக்கனுக்கு 10 மெகாபிற்று கிடைக்கும் கைப்பேசியில் அதே கட்டுரை இரண்டு செக்கனுக்குள் வந்துவிடும்.

"இணைப்பு உண்டு" என்ற இரண்டு சொற்களுக்குள் இரண்டு செக்கனும் அடங்கும். மூன்றரை மணித்தியாலமும் அடங்கும். ஆகவே விடை எழுதும்போது, இணைப்பு உண்டா இல்லையா என்பதோடு நிறுத்தாது, எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்பதையும் குறிப்பிடுக.

5. அணுகல்: பூட்டிய கதவுகள்

நல்ல இணைப்பு வந்த பின்னரும் விரிவுரையாளர் ஒருவர் சந்திக்கும் தடைகள் மூன்று.

(அ) விலை

ஆய்விதழ்கள் பல சந்தா அடிப்படையில் இயங்குகின்றன. கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் திரையில் தெரியும். முழுவதையும் வாசிக்கப் பணம் கேட்கும். கட்டணம் அமெரிக்க டொலரிலே அமையும். இந்த நிலையை மாற்ற 2002ஆம் ஆண்டு இரண்டு முக்கிய முயற்சிகள் நடைபெற்றன. ஒன்று, உலக சுகாதார நிறுவனம் பதிப்பகங்களுடன் இணைந்து தொடங்கிய 'ஹினாரி' திட்டம். இதன் மூலம் இலங்கை உள்ளிட்ட வளர்முக நாடுகளின் நிறுவனங்கள் மருத்துவ ஆய்விதழ்களை இலவசமாக அல்லது குறைந்த கட்டணத்தில் வாசிக்க வழி பிறந்தது. மற்றையது, புடாபெஸ்ற் நகரிலிருந்து வெளியான திறந்த அணுகல் அறிக்கை. ஆய்வின் பயன் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை.

ஆனால் திறந்த அணுகலிலும் ஒரு சிக்கல் உண்டு. சில இதழ்கள் வாசகரிடம் பணம் பெறாமல், கட்டுரை எழுதியவரிடம் பெறுகின்றன. அத்தொகை 1000 டொலரையும் தாண்டுவதுண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபா. ஆகவே 2 இலட்சம் ரூபாவாக இருந்த அதே கட்டணம் இரண்டு மாதத்திலே 3 இலட்சத்து 60 ஆயிரமாயிற்று. வாசிக்கும் கதவு திறந்தது. எழுதும் கதவிலே பூட்டு விழுந்தது.

(ஆ) மொழி

மருத்துவ பீட விரிவுரையாளர் ஒருவர் டெங்குக் காய்ச்சலைப் பற்றித் தேடினால் ஆங்கிலத்திலே ஆயிரக்கணக்கான கட்டுரைகள் கிடைக்கும். கலைப்பீட விரிவுரையாளர் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கூத்து மரபைப் பற்றித் தமிழிலே தேடினால் அவ்வளவு கிடைக்காது. இருவரும் ஒரே வளாகத்தில், ஒரே வேகத்திலே தேடுகிறார்கள். பெறுவது மட்டும் வேறு.

இதற்கு ஒரு தொழினுட்பக் காரணமும் இருந்தது. இலங்கையில் நீண்ட காலம் தமிழ் ஆவணங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களிலே தட்டச்சு செய்யப்பட்டன. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா என்றே தெரியும். ஆனால் கணினி உள்ளே சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளைத்தான். தேடற்பொறி அதனைத் தமிழ் என்று அறியாது. விரிவுரையாளர் இரவு பகலாக எழுதிய கட்டுரை இணையத்தில் இருந்தும் இல்லாததற்குச் சமம். ஒருங்குறி முறையில் தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுவதும் பொதுவான எண்கள் உண்டு. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆனால் எமது அலுவலகங்களும் அச்சகங்களும் அதற்கு மாறப் பல வருடங்கள் சென்றன.

(இ) நேரமும் இடமும்

இணைப்பு வளாகத்தில் மட்டும் இருந்தால், அலுவலக நேரம் முடிந்ததும் அணுகலும் முடிந்துவிடும். மாலையில் சமையலும் பிள்ளைகளின் படிப்பும் காத்திருக்கும் பெண் விரிவுரையாளர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வளாகத்தில் இரவு வரை தங்கிக் கட்டுரை தேட அவரால் இயலாது. வீட்டில் இணைப்புப் பெறச் சொந்தப் பணம் வேண்டும். ஒரே பதவி, ஒரே பட்டம். ஆயினும் அணுகல் ஒன்றல்ல.

6. பயன்பாடு: எடுப்பதும் இடுவதும்

பல்கலைக்கழக ஆசிரியர் இணையத்தைப் பயன்படுத்தும் வழிகளை நான்காக வகுக்கலாம்.

1. தேடல் – ஆய்விதழ்கள், தரவுகள், நூல்கள். 2004இல் வந்த கூகுள் ஸ்கொலர் இதற்குப் பெரிதும் உதவுகிறது.
2. தொடர்பாடல் – பிற நாட்டு ஆய்வாளருடன் மின்னஞ்சல், காணொளிக் கூட்டம்.
3. கற்பித்தல் – பாடக்குறிப்புகளை மாணவருக்கு அனுப்புதல், நிகழ்நிலை விரிவுரை.
4. வெளியிடல் – தம் ஆய்வை உலகம் வாசிக்கும்படி இணையத்தில் வைத்தல்.

முதல் மூன்றையும் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நான்காவதை மறந்துவிடுவார்கள். ஆனால் எமது பிரதேசத்தைப் பொறுத்தவரை நான்காவதே மிக முக்கியமானது. ஏன் என்பதை என் வகுப்பில் நடந்த ஒரு சம்பவத்தால் விளக்குகிறேன்.

ஒருமுறை "எனது ஊர்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதி வருமாறு சொன்னேன். தின்னவேலியிலிருந்து வரும் ஒரு மாணவன் மிக அழகாக எழுதி வந்தான். "எமது ஊராகிய திருநெல்வேலியின் ஊடாகத் தாமிரபரணி ஆறு வற்றாது பாய்கின்றது, அல்வா எமது ஊரின் புகழ்பெற்ற இனிப்பாகும்" என்று இருந்தது. வகுப்பே சிரித்தது. குடாநாட்டில் வற்றாத ஆறு எங்கே இருக்கிறது? மழைக்காலத்தில் ஓடும் வழுக்கியாறு ஒன்றைத்தானே நாம் அறிவோம்? அவன் கைப்பேசியில் 'திருநெல்வேலி' என்று தேடியிருக்கிறான். வந்தது தமிழ்நாட்டுத் திருநெல்வேலி.

அன்று அவனைக் கண்டித்தேன். வீட்டுக்குப் போன பின் நானும் தேடிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகத் தமிழ்நாட்டுத் திருநெல்வேலியே வந்தது. எங்கள் ஊரைப் பற்றித் தமிழிலே வாசிக்கத்தக்க விரிவான பக்கம் ஒன்றை நெடுநேரம் தேடவேண்டியிருந்தது. பாதிக் குற்றம் பார்த்து எழுதிய மாணவனுடையது. மீதிப் பாதி, எழுதி வைக்காத எங்களுடையது. நானும் ஒரு கலைப்பட்டதாரி; என் ஊரைப் பற்றி நானும் அதுவரை ஒரு வரி இணையத்தில் இட்டதில்லை.

இடாததை எவராலும் எடுக்க முடியாது. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து. எமது மண், நீர், தொழில், வழக்காறு, வரலாறு ஆகியவற்றை ஆராய்ந்தவர்கள் அவற்றைத் தேடக்கூடிய வடிவில் இணையத்தில் வைக்காவிட்டால், அடுத்த தலைமுறை வேறோர் ஊரைத் தன் ஊர் என்று வாசிக்கும்.

7. இட்டவர்கள்

இம்முயற்சியில் முன்னோடிகள் உண்டு. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகின் பல நாடுகளிலுள்ள தமிழர் ஊதியமின்றித் தட்டச்சு செய்து உதவினர். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் ஆரம்பமாயிற்று. அதனைத் தொடக்க காலத்திலேயே கட்டியெழுப்பியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். அவர் பல்கலைக்கழக ஆசிரியர் அல்லர், கட்டடக் கலைஞர். அறிவை இடுவதற்குப் பதவி தேவையில்லை என்பதற்கு இவர் நல்ல சான்று.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எமக்கு இன்னும் நெருக்கமானது. இலங்கைத் தமிழரின் நூல்கள், 'மல்லிகை' போன்ற சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் ஆகியவற்றை மின்படிமங்களாக்கி எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. இதன் பெறுமதியை விளங்கிக்கொள்ள 1981ஐ நினைவுகூருங்கள். அவ்வாண்டு மே 31 நள்ளிரவை அண்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றுட் சிலவற்றுக்கு வேறு பிரதி எங்குமே இல்லை. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்த அறிவு ஒரே இரவில் அழிந்தது. மின்படிமமாகப் பல இடங்களில் சேமித்த நூலை அவ்வாறு ஓர் இரவில் எரித்துவிட முடியாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகமும் தன் ஆய்வாளரின் கட்டுரைகளை இணையக் களஞ்சியமொன்றில் சேர்த்து வைக்கிறது. ஒரு காலத்தில் விரிவுரையாளர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஒரேயொரு கட்டுரைப் பிரதி போட்டோகொப்பிக் கடையில் வைக்கப்படும். முழு வகுப்பும் வரிசையில் நின்று பிரதி எடுக்கும். இன்று அந்த வரிசை குறைந்துவிட்டது. ஆனால் அந்தக் கடையில் கிடைத்த கட்டுரையை நாங்கள் காசு கொடுத்ததாலோ என்னவோ முழுமையாக வாசித்தோம்.

8. சோதனைக் காலம்: 2020 முதல் 2022 வரை

கொவிட் தொற்றுக் காரணமாக 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விரிவுரைகள் நிகழ்நிலைக்கு மாறின. லேர்ண் வலையமைப்பு சூம் செயலியைப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கியது. தொலைபேசி நிறுவனங்கள் அக்காலத்தில் அதற்கான தரவுக் கட்டணத்தை விலக்கின. விலை என்னும் பூட்டைத் திறந்தால் அணுகல் எவ்வளவு வேகமாக விரியும் என்பதை இது காட்டிற்று.

ஆனால் கட்டணம் இல்லாவிட்டாலும் சிக்னல் வேண்டுமே! 2021இல் பொகிட்டியாவ என்னும் மலைக்கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டுவழியே நடந்து, பாறை உச்சிக்கு ஏறிப் பாடங்களை ஏற்றியும் இறக்கியும் கற்றனர். அணுகல் வந்த இடத்தில் இணைப்பு இல்லை.

2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கொழும்பு வாசிகள் அதனைப் புதிய துன்பமாகக் கண்டனர். யாழ்ப்பாணத்தில் மூத்தோர் பரணில் இருந்த பழைய விளக்கைத் துடைத்து எடுத்தனர். இணைப்பு ஒருமுறை வந்துவிட்டால் என்றென்றும் இருக்கும் என்று எண்ணக் கூடாது என்பது இதன் பாடமாகும்.

9. மாணவராகிய உங்களுக்கு

விரிவுரையாளருக்குப் பல வருடம் கிடைக்காத வாய்ப்பு இன்று உங்கள் கைப்பேசியில் உண்டு. ஆகவே இணையத்திலோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலோ ஒரு தகவலைப் பெறும்போது நல்ல ஆய்வாளர் கேட்கும் இந்த மூன்று கேள்விகளையும் நீங்களும் கேளுங்கள்.

1. இதை எழுதியவர் யார்? பெயரும் நிறுவனமும் உண்டா?
2. எப்போது, எந்த ஊரைப் பற்றி எழுதினார்?
3. வேறோர் இடத்திலும் இதே தகவல் உறுதிப்படுகிறதா?

இரண்டாவது கேள்வியை எழுப்பியிருந்தால் தாமிரபரணி வலிகாமத்துக்கு வந்திராது.

அத்துடன், எடுப்பவராக மட்டும் இராதீர்கள். உங்கள் ஊர்க் கேணியின் பெயர், பாட்டி சொல்லும் சொற்கள், மூடப்பட்ட ஒரு வாசிகசாலையின் வரலாறு ஆகியவற்றைக் கேட்டு, ஒருங்குறியிலே தட்டச்சு செய்து வையுங்கள்.

நினைவிற் கொள்க

• இணைப்பு, அணுகல், பயன்பாடு ஆகியன மூன்று வெவ்வேறு நிலைகள்.
• இணைப்பைத் தீர்மானிப்பவை: மின்சாரம், உட்கட்டமைப்பு, பட்டையகலம், நாட்டின் அமைதி நிலை.
• அணுகலைத் தீர்மானிப்பவை: விலை, மொழி, நேரமும் இடமும்.
• பயன்பாட்டின் வகைகள்: தேடல், தொடர்பாடல், கற்பித்தல், வெளியிடல்.
• முக்கிய ஆண்டுகள்: 1969 ஆர்பாநெற், 1989 உலகளாவிய வலைத் திட்டம், 1990 அளவில் இலங்கைப் பல்கலைக்கழக மின்னஞ்சல், 1995 இலங்கையில் வர்த்தக இணையம், 2002 ஹினாரி, திறந்த அணுகல் அறிக்கை, 2005 நூலகம் திட்டம்.

பயிற்சி வினாக்கள்

1. இணைப்பு, அணுகல் என்பவற்றுக்கிடையிலான வேறுபாட்டை உதாரணம் தந்து விளக்குக.
2. செக்கனுக்கு 64 கிலோபிற்று வேகமுள்ள இணைப்பை 20 பேர் சமமாகப் பகிர்ந்தால், ஆளுக்கு 2 மெகாபைற்றுக் கோப்பு இறக்க எடுக்கும் நேரம் யாது? (விடை: 5000 செக்கன், ஏறத்தாழ 1 மணி 23 நிமிடம்)
3. எழுத்துரு முறையிலும் பார்க்க ஒருங்குறி சிறந்தது. காரணம் கூறுக.
4. "இடாததை எவராலும் எடுக்க முடியாது." உமது ஊரை உதாரணமாகக் கொண்டு ஒரு பந்தி எழுதுக.

நான்காம் வினாவுக்கான குறிப்பு: உமது ஊரின் பெயரை முதலில் இணையத்தில் தமிழிலே தேடிப் பாரும். வந்தவை எவை, வராதவை எவை என்று இரண்டு நிரலாக எழுதும். வராதவற்றின் நிரலே உமது பந்திக்கான விடயமாகும். அதனை எழுதி முடித்ததும் கொப்பியோடு மூடி வைத்துவிடாமல், பிறர் தேடினால் கிடைக்கும் இடத்திலும் இடும். உமக்குப் பின் தேடும் பிள்ளைக்கு அது உதவும்.